விலை வராத நாட்கள்

எங்கள் நெசவாளர் தெருவில் வெள்ளைப் பட்டு நூல் பாவு தறி ஏறிவிட்டால் அந்த வீட்டுக்கு பீட்ரூட் விற்காது. காய்கறிக் கடை வைத்த புதிதில் இது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. பட்டில் ஒரு துளி கறை பட்டாலும் புடவை போச்சு என்பதால், கையில் சாயமோ பாலோ ஒட்டுகிற எதையும் பெண்கள் தொட மாட்டார்கள். வாழைப்பூ, வாழைக்காய், பீட்ரூட் எல்லாம் அந்தப் பாவு நெய்து முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். சௌசௌ, சுரைக்காய், கோஸ் என்று வெளுத்த காய்களாகப் பார்த்து எடுத்துப் போவார்கள்.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. பின்னறையில் என் கணவர் தறி போட்டிருக்கிறார். அவர் மிதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் இத்தனை வருடமாக வெண்டைக்காய் எடை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

விடிந்ததும் விலை போனில் வந்துவிடும். மொத்த வியாபாரி ஒருவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், தன்னிடம் வாங்குகிற எல்லாக் கடைக்காரர்களுக்கும் குரலிலேயே பேசி அனுப்புவார். "தக்காளி ஏறிக்கினு இருக்குதுமா, பாத்து எடு. கத்திரிக்கா எறங்கிப்போச்சு." அந்தக் குரலைக் கேட்காமல் நான் கடையைத் திறந்ததில்லை. ஒருநாள் அவரிடம், "இந்த வெலைய யார்ணா வெக்கறாங்க?" என்று கேட்டேன். "எனக்கு மேல இருக்கறவன் சொல்றான்மா" என்றார். அவருக்கு மேலே இருப்பவருக்கு யார் சொல்கிறார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.

எனக்கு அது அன்றிலிருந்தே ஒரு மலைப்பு. நான் கண்ணால் பார்த்தேயிராத ஊரில் மழை பெய்தால் என் கூடையில் இருக்கிற வெங்காயத்தின் விலை ஏறுகிறது. தை பிறந்தால் அவரையும் மொச்சையும் கத்தரியும் போட்டி போட்டுக்கொண்டு வந்து குவியும், கேட்பாரில்லாமல் கிடக்கும். பங்குனியில் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தாலும், "வூட்லயே கெடக்குதுக்கா" என்பார்கள். அதே முருங்கைக்காயைக் கார்த்திகையில் பாதியாக வெட்டித் தரச் சொல்லி வாங்குவார்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, காய் இறங்கும். ஆவணி முகூர்த்தம் வந்தால் வாழையிலைகூட முறுக்கிக்கொள்ளும். புரட்டாசியில் தெருவே கவிச்சியை விட்டுவிடும், அப்போது சேனைக்கிழங்குக்கு வருகிற மவுசைப் பார்க்க வேண்டும். யாரும் கூடிப் பேசாமல், யாரும் உத்தரவு போடாமல், வருடா வருடம் இது நடந்துகொண்டே இருக்கிறது.

ஒரு கார்த்திகையில் அந்தக் குரல் வராமல் போனது. புயல் என்றார்கள். கரையைக் கடந்த பிறகும் மழை விடவில்லை. மின்சாரம் முதலில் போனது, பிறகு போனில் டவர் போனது. மிதிபலகை இருக்கிற தறிக்குழியில் தண்ணீர் ஊறுவது மழைக்காலத்தில் வழக்கம்தான். இந்த முறை குழி நிரம்பி வழிந்தது.

"பாவத் தூக்கி மேல கட்டணும். ஒரு கை குடு" என்று கணவர் கூப்பிட்டார். இருவருமாகப் பாவைச் சுருட்டி, பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, உத்திரத்தில் தொங்கவிட்டோம். தெரு முழுக்க எல்லா வீட்டிலும் அதே வேலை. தறிச் சத்தம் இல்லாத தெருவை நான் கேட்டது அப்போதுதான்.

கடையில் கொஞ்சம் உருளைக்கிழங்கும் வெங்காயமும் இஞ்சியும் மிச்சமிருந்தன. எதிர்வீட்டுப் பெண் குடையோடு வந்தாள். "வெங்காயம் என்னா வெலக்கா?" என்றாள். பழக்கத்தில் போனை எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. பழைய விலைக்கே கொடுத்தேன். மழை கொஞ்சம் தணிந்ததும் கணவர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினார். "லாரி ஒண்ணும் வரல. பெங்களூர் ரோட்ல எங்கியோ தண்ணி ஏறிடிச்சாம். கடையெல்லாம் சாத்திக் கெடக்குது" என்றார். மாலைக்குள் என் கூடைகள் காலி. கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுக்கு மிளகு ரசமும் அப்பளமும்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. பெங்களூர் ரோட்டோரம் இருக்கிற தாமலிலிருந்து எனக்குக் கீரை கொண்டுவந்து போடுகிற பெண்மணி வாசலில் வந்து நின்றார். அவருக்கு என் வயதுதான் இருக்கும். முழங்கால் வரைக்கும் சேறு. சைக்கிளின் பின்னால் சாக்கு கட்டியிருந்தது. பாதி தூரம் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்.

"கீரையெல்லாம் அழுவிப்போச்சுக்கா. பாத்தியே காணோம்" என்றபடி சாக்கை அவிழ்த்தார். உள்ளே பரங்கிக்காய்கள். கூரைமேல் படர்ந்த கொடியில் காய்த்தவை. மழையில் கழுவிக் கழுவி அப்படியொரு நிறம். இருட்டிக் கிடந்த என் முன்னறையே அதில் வெளிச்சமானது போல இருந்தது.

"இதுக்கு நான் என்ன தரட்டும்?" என்று கேட்டேன்.

"நீதான் சொல்லணும். வெல உனக்குத்தான தெரியும்."

"எனக்கு எங்க தெரியும்? போன் செத்துக் கெடக்குது."

அவர் ஒரு காயைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொங்கல்ல பரங்கிக்கு ஏறற வெல கேக்க மாட்டேன். அதுக்குன்னு ஆடி வெலயும் கட்டாதுக்கா. ஆவணில என்னா குடுப்பியோ அத்தக் குடு."

அது எனக்கும் சரியாகப் பட்டது. பிறகு அவர், "ஊர்ல இன்னும் கெடக்குது. காத்துல வாழையெல்லாம் சாஞ்சிருச்சு. எடுத்தாரத்தான் வண்டி இல்ல" என்றார். நான் கணவரைப் பார்த்தேன். தறி ஓடாத மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொபெட்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். சைக்கிளில் அந்தப் பெண்மணி முன்னால் போக, நாங்கள் பின்னாலேயே போனோம்.

தாமல் ஏரியை நான் எத்தனையோ முறை பேருந்தில் கடந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஏரி மாடு மேய்கிற ஒரு பெரிய வெளி, அவ்வளவுதான். அன்றைக்குக் கரைமேல் ஏறி நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன். எதிர்க்கரை தெரியவில்லை. தேநீர் நிறத்தில் தண்ணீர், விளிம்பு வரைக்கும். கலங்கல் பக்கம் அது வழிந்து விழுகிற இரைச்சல் காலுக்கடியில் மண்ணிலேயே கேட்டது. ஊர்ச் சனம் கரைநெடுக நின்றிருந்தது. கடலைப் பார்த்தவள்தான் நான். ஆனால் கடல் எப்போதும் அங்கேயே இருப்பது. இது போன வாரம் மாடு மேய்ந்த இடம். என்னை அறியாமல் கை கூப்பியிருந்தேன். பக்கத்தில் கணவரும் செருப்பைக் கழற்றியிருந்தார்.

கரையிலிருந்து இறங்கும்போது நெடுஞ்சாலை தெரிந்தது. லாரிகள் வரிசையாக நின்றிருந்தன, வால் எங்கே முடிகிறது என்று தெரியாமல். தார்ப்பாயின் ஓரத்தில் பெட்டி பெட்டியாகத் தக்காளி. ஊரில் ஒரு வீட்டிலும் தக்காளி இல்லை, இங்கே ஒரு மலையே நிற்கிறது. ஓர் ஓட்டுநர் சக்கரத்தில் சாய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தெலுங்குக்காரர். தெருவில் பழகிய அரைகுறைத் தெலுங்கில், இதில் கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். இது சென்னைக்குப் போகிற சரக்கு, முதலாளி சொல்லாமல் ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்கக் கூடாது, போனும் போகவில்லை என்றார். சொல்லும்போது அவருக்கே வருத்தமாக இருந்தது. அவர் கையிலிருந்த தட்டைப் பார்த்தேன். சோறும் பரங்கிக்காய்க் குழம்பும். ஊர்க்காரர்கள் காலையிலிருந்து ஓட்டுநர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்களாம். குழம்பில் புளிதான், தக்காளி இல்லை.

கீரைக்காரப் பெண்மணியின் வீட்டுக்குப் போனபோது அவர் குரல் கொடுத்தார். அவ்வளவுதான், அக்கம்பக்கத்திலிருந்து ஆளாளுக்கு எதையோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். காற்றில் சாய்ந்த வாழையின் தண்டு, பூ, முற்றாத தார். கிளை முறிந்த மரத்தின் முருங்கைக் கீரை. வேலியோரத்துக் கோவைக்காய். பறவைக்கு விட்டிருந்த சுண்டைக்காய். பப்பாளிக்காய். சேப்பங்கிழங்கை ஒருவர் ஈர மண்ணில் அப்போதுதான் பிடுங்கிக்கொண்டு வந்தார். இதில் பாதி, சந்தைக்கே வராத பொருள். நானும் கேட்டதில்லை, அவர்களும் விற்றதில்லை. "இதையெல்லாமா வாங்கறீங்க?" என்று ஒரு பாட்டி சிரித்தார். மொபெட்டில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, மடியில் ஒரு வாழைத்தார். அன்றைக்கு இரண்டு நடை போனோம்.

கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. சாதாரண நாளாக இருந்தால் வாழைப்பூவை எங்கள் தெருவில் பாதிப் பேர் தொட மாட்டார்கள். ஆனால் பாவெல்லாம் உத்திரத்தில் தொங்குகிறது, தறிக்குழியில் தண்ணீர் நிற்கிறது, யார் கையில் கறை பட்டால் என்ன? எல்லோரும் வாழைப்பூ கேட்டார்கள். எதிர்வீட்டுப் பெண், "கல்யாணமாயி வந்ததுலருந்து இந்தப் பூவை முழுசா ஆய்ஞ்சதே இல்லக்கா" என்று இரண்டாக வாங்கிப் போனாள். மதியம் பார்த்தால் வாசலுக்கு வாசல் பெண்கள் உட்கார்ந்து பூ ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள், ஆண்களும் கூட. ஜரிகை நூலை மட்டுமே பிடித்துப் பழகிய விரல்கள் எல்லாம் கருத்துப்போய்க் கிடந்தன. ஒருவர் கையை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

விலைதான் வேடிக்கை. தண்டுக்கு நான் ஒரு விலை சொன்னேன். தெருக்கோடியில் இருக்கிற பெரியவர், "அவ்ளோ தூரம் தண்ணில போயி எடுத்தாந்துக்கீறீங்க, கூடப் போட்டுக்கமா" என்று கொஞ்சம் அதிகமாகவே வைத்துவிட்டுப் போனார். அடுத்து வந்தவள் அந்த விலையையே கொடுத்தாள். பரங்கிக்குச் சொன்ன விலை அதிகம் என்று நாலு பேர் முகத்தைச் சுளித்தார்கள், இறக்கினேன். மறுபடி கேட்க வந்தார்கள், கொஞ்சம் ஏற்றினேன். சுண்டைக்காயை யாரும் தொடவில்லை. ஒருத்தி வற்றல் போடலாம் என்று சத்தமாகச் சொன்ன பிறகு அதற்கும் ஒரு விலை பிறந்தது. மாலைக்குள் ஒவ்வொரு காயும் ஏதோ ஓரிடத்தில் போய் நின்றுவிட்டது, தண்ணீர் மட்டம் நிற்பதுபோல.

பின்தெருவிலும் ஒரு கடை உண்டு. அவர்கள் மாகறல் பக்கத்திலிருந்து எதையோ கொண்டுவந்திருப்பதாகக் கேள்விப்பட்டுக் கணவரை அனுப்பினேன். திரும்பி வந்தவர் முகத்தில் ஒரு குழப்பம்.

"பரங்கிக்கா என்னா வெல சொல்றாங்க?"

"நம்ம வெலதான். ஒண்ணு ரெண்டு ரூபா முன்ன பின்ன."

"நம்ம வெலய நீங்க சொன்னீங்களா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? நின்னேன், கேட்டேன், வந்துட்டேன்."

வாழைத்தண்டு? அதுவும் அப்படித்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர்கள் வேறு ஊரிலிருந்து வாங்கியிருக்கிறார்கள், நாங்கள் வேறு ஊரிலிருந்து. போன் கிடையாது, மேலே இருந்து சொல்ல ஆள் கிடையாது. இரண்டு கடைக்கும் நடுவில் நடந்து போய் வந்தது வாங்குகிறவர்களின் கால்கள்தான். இங்கே கேட்டதை அங்கே நினைத்து, அங்கே பார்த்ததை இங்கே முகத்தில் காட்டி, அவர்களுக்கே தெரியாமல் அவர்கள்தான் விலையைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் புரிகிறது. புரிந்த பிறகும் அந்த ஆச்சரியம் எனக்குக் குறையவே இல்லை. இத்தனை வருடம் யாரோ மேலே இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்த மேலே என்பது என் கடை வாசலில் பை வைத்துக்கொண்டு நிற்கிற எதிர்வீட்டுப் பெண்தானோ என்று தோன்றியது.

டவர் வந்தபோது வியாபாரியின் பேச்சுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. தக்காளி ஏறி ஏறி, லாரிகள் கிளம்பிய அன்று சரிந்திருந்தது. நசுங்கின பெட்டிகள் பாதி விலைக்கு வந்தன. தெருவே தொக்கு கிளறியது. குழித்தண்ணீரை இறைத்துக் காயவைத்து, பாவை இறக்கி, மெல்ல மெல்லத் தறிகள் ஓடத் தொடங்கின. வாழைப்பூவைக் கேட்க ஆளில்லாமல் போனது.

மார்கழி தொடங்கிய பிறகு ஒருநாள், பாக்கி இருந்த சேப்பங்கிழங்கை எடுக்கத் தாமலுக்குப் போயிருந்தேன். கீரைக்காரப் பெண்மணி நிலத்தில் குனிந்து பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். ஏரித் தண்ணீர் வாய்க்காலில் சலசலவென்று வந்துகொண்டிருந்தது. முந்தானையிலிருந்து கீரை விதையை எடுத்து மண்ணோடு கலந்து தூவினார். தூசி மாதிரி அவ்வளவு சின்ன விதை, கறுப்பாக மினுங்கியது. விழுந்த இடமே தெரியவில்லை.

"பொங்கலுக்கு வந்துடுமா?" என்று கேட்டேன்.

"வந்துடும். அப்ப எல்லார் வூட்லயும் வந்துடும், ஒரு கட்டுக்கு நீ எனக்கு ஒண்ணும் குடுக்க மாட்ட" என்று சொல்லி அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த பாத்திக்கு நகர்ந்து, இன்னொரு பிடி விதையைத் தூவினார். நான் வரப்பில் உட்கார்ந்து, ஈரம் ஏறுகிற அந்த மண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.