ராஜசேகரன் வணக்கம் சொல்லாத காலை

வினிஃப்ரெட், ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில் தகவல்தொடர்பு கற்பிக்கிறார். வயது நாற்பத்து மூன்று. பிறந்தது லாயாங் லாயாங். அடுத்தவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று வாரம் மூன்று நாள், இரண்டு மணி நேரம் இடைவிடாமல் பேசுவார். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: வெள்ளம் வரும்போது மக்கள் யார் சொல்லைக் கேட்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள்?

இதற்காகக் கோத்தா திங்கியில் ஆற்றோரத் தாமான் ஒன்றை, அதாவது வீடமைப்புக் குடியிருப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். (தாமானின் பெயர் வேண்டாம், ஆட்களின் பெயர்களையும் மாற்றியாயிற்று. காரணம் போகப் போகப் புரியும்.) எழுபது வீடுகளுக்குப் படிவம் போனது. அறுபத்திரண்டு வீடுகள் ஒரே பெயரை எழுதின: குடியிருப்பாளர் சங்கத் தலைவர் ராஜசேகரன். படிவங்களை வீடு வீடாகப் போய்த் திரட்டிக்கொடுத்ததும் அவர்தான் என்பதால் வினிஃப்ரெட் பெரிதாக வியக்கவில்லை.

வியப்பு ஜனவரியில் வந்தது. விடாமல் நான்காம் நாள் மழை. வினிஃப்ரெட் தாமானுக்குள் காரை நிறுத்தும்போதே ஒலிபெருக்கியில் தலைவர் பேசி முடித்திருந்தார். ஒருவரும் கிளம்பவில்லை. வாசலுக்கு வந்து செல்லத்தின் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். செல்லம் தோசை மாவு விற்பவர். சற்று நேரத்தில் அவரும் கணவரும் கிரைண்டரைத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். பத்தே நிமிடம், தாமானில் மெத்தைகள் மாடியேறின, பிள்ளைகள் காரேறினார்கள். மதியம் இடுப்பளவு தண்ணீர்.

வெள்ளம் வடிந்ததும் வினிஃப்ரெட் கேட்டார்: "அக்கா, தண்ணி வருதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு என்னம்மா தெரியும்? தலைவர் வீட்டம்மா காரைக் கொண்டுபோய் மேட்டுல போட்டாங்கன்னா நான் கிரைண்டரத் தூக்குவேன். அவ்ளோதான் லா."

தலைவரின் மனைவி தனலெட்சுமி, கணவர் வீட்டில் இல்லை என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டுதான் வாயைத் திறந்தார்.

"அவரு மைக்குல 'பெருமதிப்பிற்குரிய தாமான்வாசிகளே, அன்புசால் தாய்மார்களே'ன்னு ஆரம்பிச்சா நான் பாட்டுக்குச் சமைப்பேன். அன்னிக்கு வணக்கம்கூடச் சொல்லல. 'தண்ணி வருது, ஏறுங்க'ன்னாரு. சாவிய எடுத்துட்டேன்."

"சாருக்கு இது தெரியுமா, ஆன்ட்டி?"

"அலமாக்! சொல்லிடாதீங்க. மரியாதை விட்டுப்போச்சேன்னு வெக்கப்பட்டு, அடுத்த வாட்டி ஒருத்தர் விடாம எல்லாரையும் விளிச்சுட்டுத்தான் விஷயத்துக்கு வருவாரு. அதுக்குள்ள நாங்க மெர்சிங் கடலுக்கே மிதந்து போயிருப்போம்."

நான்கு ஆண்டு ஆய்வில் கிடைத்த ஒரே உருப்படியான கண்டுபிடிப்பு அது. நான்கு பக்கத்தில் அழகாக எழுதினார் வினிஃப்ரெட். ஆனால், முழு ஆய்வையும் தாம் படித்துக் கையெழுத்திட்ட பிறகே சமர்ப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ராஜசேகரன் அனுமதி தந்திருந்தார். அந்தப் பக்கங்கள் இருந்தால் பட்டம் உண்டு, எச்சரிக்கை போய்விடும். ஒரு ஞாயிறு முழுக்க யோசித்து அவற்றை உருவி எடுத்துவிட்டுப் போனார்.

ராஜசேகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிவரை படித்தார்.

"டீச்சர், என் பேச்சப் பத்தி ஒன்னும் எழுதலையே?"

"நீங்க பேசுறத வீட்டுக்குள்ள இருந்துகூடக் கவனமா கேக்குறாங்க, சார்."

"அப்படியா?" என்று கையெழுத்துப் போட்டார்.

தேர்வாளர்கள் அப்படி விடவில்லை. எந்த இடத்தில் எச்சரிக்கை மக்களைத் தொடுகிறது என்று கேட்டார்கள். பதில் நாக்கின் நுனியில் இருந்தது. "இன்னும் கள ஆய்வு தேவை" என்றார் வினிஃப்ரெட். திருத்த ஆறு மாதம் கொடுத்தார்கள்.

இப்போது சனிக்கிழமைதோறும் தாமானுக்குப் போகிறார். போன வாரம் துப்புரவுப் பணிக்கு ஆள் சேர்க்கும் கூட்டம். ராஜசேகரன் பதினொரு பேரை விளித்து, எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, மைக்கை வைத்தார். பிறகு மனைவியை ஓரக்கண்ணால் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம், வணக்கத்தின் ரகசியம் அவருக்கு முன்பே தெரியுமா என்று புரியாமல் வினிஃப்ரெட்டுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. போய்க் கேட்கவும் வழியில்லை; தெரியாதிருந்தால் கேட்டதுமே தெரிந்துவிடும்.