சோளக்காட்டில் மூட மறுத்த துப்பாக்கி

இரட்டைக்குழல் துப்பாக்கியை எப்படி மூட வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் சொல்லிவிடுவீர்கள். ஏன் அப்படி மூட வேண்டும் என்று கேட்டால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறீர்கள். அதனால், பிள்ளைகளே, எழுதி வைக்கிறேன். முதலில் நான் தப்பாக மூடியதைச் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் நான் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு பிறந்தவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

பண்ணைப்புரத்துக்கு மேற்கே மலை இறங்கி முடிகிற இடத்தில் நம்முடைய சோளக்காடு இருக்கிறது. ஒரு வரப்பு தாண்டினால் உங்கள் மாமாவின் காடு. அவர் உங்கள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அந்த நாளில் நெல்லுச் சோறு நல்ல நாளைக்குத்தான். மற்ற நாளெல்லாம் சோளம். இரண்டு வீட்டுக்கும் வருஷச் சாப்பாடு அந்த இரண்டு காட்டிலும்தான் நின்றது. கதிர் பால் பிடித்ததும் மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கிவிடும். ஒரு கூட்டம் ஒரு விடியலில் கால் காட்டைச் சாய்த்துவிட்டுப் போகும். தின்றது கொஞ்சம், மிதித்தது மிச்சம். அதற்காகத்தான் பயிர்க்காவல் என்று எழுதி, தாலுகா கச்சேரிக்கு நடையாய் நடந்து, என் பெயரில் லைசன்ஸ் வாங்கினோம். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தேயிலைத் தோட்டத்து துரையிடமிருந்து துப்பாக்கி வந்தது. லைசன்ஸ் என் பெயரில் என்றாலும் அது இரண்டு காட்டுக்கும் காவல்.

துப்பாக்கியை நடுக் கீலில் இரண்டாக மடித்துத் தோட்டா போட்ட பிறகு நான் எப்படி மூடுவேன் தெரியுமா? தோளில் வைக்கிற மரக்கட்டையை ஒரு கையால் பிடித்து ஒரு வெட்டு வெட்டுவேன். குழல் தானாக எகிறி வந்து ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்கே பன்றி ஓடும் என்பார் உங்கள் மாமா. பன்றி ஓடியதில்லை. எனக்குத்தான் நெஞ்சு நிமிரும்.

உங்களில் மூத்தவள் பிறப்பதற்கு முந்தைய வருஷம் ஆயுத பூசை. ஏர், மண்வெட்டி, அரிவாள் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்து, துப்பாக்கியையும் வைத்தோம். கட்டையில் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு உங்கள் அம்மா எழுந்தாள். உங்கள் மாமா விடவில்லை.

“செக்குக்கு வாய்க்குள்ளதான பொட்டு வைக்கிறோம்? இதுக்கும் வாய் இருக்குல்ல. தெறங்க மாப்ள.”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. துப்பாக்கியைத் திறந்தேன். குழலில் தோட்டா போடுகிற அடி வாயில் சந்தனமும் குங்குமமும் அப்பி, மஞ்சள் அட்சதை தூவி, திறந்தபடியே ஒரு பகலும் ஓர் இரவும் பூசையில் வைத்தோம்.

மறுநாள் விடியலில் மூன்று பேரும் காட்டுக்குப் போனோம். கதிர் முற்றி அறுக்க இன்னும் எட்டு பத்து நாள்தான் இருந்தது. மேற்கு ஓரத்தில் தட்டை முறிகிற சத்தம் கேட்டது. மாமா எனக்கு எதிரே வரப்பில் ஏறி நின்று, “அந்தா, அங்கன! ஏழெட்டு நிக்கி!” என்று கை நீட்டினார். நான் துணியால் சந்தனத்தை அரைகுறையாகத் துடைத்துவிட்டு இரண்டு தோட்டாவையும் போட்டேன். வழக்கம்போல ஒரு வெட்டு வெட்டினேன். மூடவில்லை.

“என்ன மாப்ள?”

“மாட்ட மாட்டேங்குது.”

“ஓங்கி அடிங்க! வெள்ளக்காரக இரும்பு, ஒண்ணும் ஆகாது!”

ஓங்கி இன்னொரு தடவை அடித்தேன். ஒரு நூல் இடைவெளி விட்டு நின்றது. மூன்றாம் தடவைக்குக் கையை இறக்கியபோது, கஞ்சிக் கலயத்தோடு பக்கத்தில் நின்ற உங்கள் அம்மா கலயத்தைக் கீழே போட்டாள். ஓடிப்போய் மாமாவின் தோள்துண்டைப் பிடித்து இழுத்தாள். அவர் வரப்பிலிருந்து வாய்க்காலுக்குள் விழுந்தார்.

“ஏ புள்ள, கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?” என்றார் சேற்றிலிருந்து.

“யாருக்குக் கிறுக்கு? ஒவ்வொரு வெட்டுக்கும் கொழலு ஒன் நெஞ்சுக்கு நேராத்தான் வருது. பாத்துக்கிட்டே நிக்கிற!” பிறகு என் பக்கம் திரும்பினாள். “மொதல்ல அந்தத் தோட்டாவ வெளிய எடுங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்றியைப் பார்த்தேன், துப்பாக்கியின் வாயைப் பார்த்தேன், குழல் எங்கே பார்க்கிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை. தோட்டா இரண்டையும் எடுத்தேன். அன்றைக்குத் தகரம் தட்டித்தான் பன்றியை விரட்டினோம். அவையும் அவசரப்படாமல்தான் போயின. போவதற்குள் மேற்கே நாலு வரிசை தரையோடு தரை.

தகரத்தை உங்கள் அம்மாவிடம் கொடுத்துக் காவலுக்கு வைத்துவிட்டு, துப்பாக்கியைத் திறந்தபடியே சாக்கில் சுற்றி, லைசன்ஸ் தாளையும் எடுத்துக்கொண்டு, நானும் மாமாவும் வண்டி பூட்டிக் கம்பத்துக்குப் போனோம். வழியெல்லாம் எனக்கு ஒரே கவலைதான். கீல் உடைந்திருந்தால் சாமான் எங்கிருந்தோ வர வேண்டும். அது வருவதற்குள் சோளம் இருக்காது.

கம்பம் கடைவீதியில் மலையாளத்துக்காரர் ஒருவர் துப்பாக்கி ரிப்பேர் செய்வார். என் வயதுதான் இருக்கும். சாக்கைப் பிரித்ததும் குழலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“எந்தா இது, கல்யாண வீடோ? சந்தனம், குங்குமம், அட்சதை. இனி ஒரு தாலி மட்டும்தான் பாக்கி.”

“பூசைக்கு வச்சது,” என்றார் மாமா.

“வைக்கலாமே. வெளியில வைக்கலாமே.”

அடி வாயில், சுட்ட தோட்டாவை வெளியே தள்ளுவதற்கு ஒரு சின்னத் தகடு உண்டு. அதைத் தூக்கி, அடியில் ஊசியை விட்டு நெம்பினார். சந்தனத்தோடு காய்ந்து இறுகிய ஓர் அரிசி வந்தது. அவ்வளவுதான். துடைத்து, எண்ணெய் தொட்டு மூடினார். மூடிக்கொண்டது. நான் மூச்சு விட்டேன். அவரோ அதோடு விடவில்லை. காலித் துப்பாக்கியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

“கையால வீசி மூடுறது யாரு?”

நான் சுவரைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார்.

“கீல் இன்னும் தேயலை. ஆனா இளக ஆரம்பிச்சாச்சு. இப்படியே அடிச்சா ஒருநாள் நெருப்பு முன்னால போகாது. பின்னால உங்க மூஞ்சிக்கு வரும்,” என்றார். பிறகு மடித்த துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். “மூடுங்க. குழலத் தூக்கண்டா. அது மண்ணப் பாத்தபடி இருக்கட்டும். கட்டையத் தூக்குங்க.”

பிள்ளைகளே, விஷயம் முழுக்க இதுதான். இடது கை குழலுக்கு அடியில் அசையாமல் இருக்க வேண்டும். குழல் தரையைப் பார்க்க வேண்டும். வலது கை கட்டையை மேலே கொண்டுவந்து குழலோடு சேர்த்து, பெட்டி மூடியை அழுத்துவதுபோல அழுத்த வேண்டும். மேலே உள்ள தாழ் நடுவுக்குத் திரும்பிவிட்டதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரல் எதுவும் விசைப் பக்கம் போகக் கூடாது. மூடவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். தோட்டாவை எடுத்துவிட்டு என்ன தடுக்கிறது என்று பாருங்கள். தோட்டா போடுமுன் குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். குளவி கூடு கட்டியிருக்கும். இன்னொருவர் கையில் கொடுப்பதாக இருந்தால் மடித்து, காலியாக, அவர் கண்ணுக்குத் தெரியும்படி கொடுக்க வேண்டும். வரப்பு தாண்டினாலும் அப்படியே.

கடையில் நின்று இருபது தடவை மூடினேன். “பிள்ளையத் தொட்டில்ல போடுற மாதிரில்ல இருக்கு மாப்ள!” என்று மாமா சிரித்தார். “அதுதான், அதேதான்,” என்றார் கடைக்காரர்.

மறுநாள் விடியலில் பன்றிகள் மறுபடி வந்தன. குழல் தரையைப் பார்த்தபடி இருக்க, துப்பாக்கியை மூடினேன். பக்கத்தில் நின்ற மாமாவுக்கே கேட்கவில்லை. “மூடிட்டீகளா இல்லயா?” என்று என் காதில் கேட்டார். பன்றிகளும் தலை தூக்கவில்லை. அதுவரை என் ‘டக்’ சத்தத்துக்கு அவை மலைக்கு ஓடாமல் சோளத்துக்குள்ளேயே பதுங்கிக்கொண்டிருந்தன என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. பன்றிகளுக்கு முப்பது அடி கிட்டே வரை போனேன். அவற்றுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத பாறைச் சரிவு. அவற்றின் தலைக்கு மேலே ஒரு குழல் மட்டும் சுட்டேன். அவ்வளவு கிட்டத்தில் வெடிச் சத்தத்தை அவை கேட்டதில்லை போலும். குட்டியும் தாயுமாகச் சரிவில் ஏறி ஓடியதைப் பார்த்து உங்கள் அம்மா கைதட்டினாள். அறுப்பு முடியும்வரை அந்தக் கூட்டம் இறங்கவில்லை.

எட்டாம் நாள் அறுத்தோம். மேற்கு ஓரத்து நாலு வரிசை போக மற்றதெல்லாம் வீடு வந்தது. மாமா வீட்டு மண்குதிரில் முதலில் தானியத்தை நிரப்பினோம், பிறகு நம்முடையதில். உங்கள் அம்மா குதிரின் வயிற்றில் விரல் முட்டியால் மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே வந்தாள். எங்கேயும் காலிச் சத்தம் வரவில்லை. “அடுத்த புரட்டாசி வரைக்கும் ஓடும்,” என்று சொல்லிவிட்டு, குதிர் வாயை மண் குழைத்துப் பூசினாள்.