மூன்று பாட்டிலும் பாலத்தடித் தண்ணீர்தான்

இன்று வெள்ளாற்றில் மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள் எத்தனை வகை இருக்கின்றன என்று எண்ணினால் ஆற்றின் நலம் தெரியும். அதுதான் என் ஆராய்ச்சி.

வெயில் தாங்கவில்லை. பாலத்தடியிலேயே மூன்று பாட்டிலையும் நிரப்பி, 'மேல்', 'நடு', 'கீழ்' என்று லேபிள் ஒட்டி, பஸ் ஏறிவிட்டேன்.

பக்கத்து சீட்டில் துணி வாளியோடு ஓர் அக்கா. "இதுல என்னங்க பாப்பீங்க?"

பெருமையாக விளக்கினேன். "சாக்கடை கலந்தா பாதி வகை காணாமப் போயிரும்க்கா."

அவர் 'கீழ்' பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"நான் அங்கதாங்க தொவைச்சுக்கிட்டு இருந்தேன். மூணையும் பாலத்தடியிலயே மொண்டீங்களே? சாக்கடை கலக்குறது கீழ அங்கிட்டுங்க. எங்க மாடெல்லாம் அங்கதான் தண்ணி குடிக்குது. போன மாசம் ஒரு கன்னு செத்துப்போச்சு."

கோபமே இல்லை அவர் குரலில். பாட்டிலைப் பத்திரமாக என் மடியில் வைத்தார்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி மூன்றையும் கொட்டினேன். திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக நின்றபடி இதை எழுதுகிறேன்.

கமெண்டில் தாராளமாகத் திட்டுங்கள். போன மாதத்து 'கீழ்' பாட்டிலை எங்கே நிரப்பினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.