திவசத்துக்கு எண்ணிய மாத்திரைகள்

எனக்கு ஐம்பது வயதில் மாதவிலக்கு நின்றபோது வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டவர் என் மாமியார்தான். மராத்தி ஊரான வாகட்டில் எங்கள் பத்தாவது மாடி ஃப்ளாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஃபோன் போட்டார். "இனிமே எங்காத்துல திவசத்துக்கு நாள் பாத்துப் பயப்பட வேண்டாம்" என்றார். அதுவரை மாதம் மூன்று நாள், வாஷிங் மெஷின் வைத்திருக்கும் ட்ரை பால்கனியில் பாய் போட்டுப் படுத்தவள் நான். இப்போது மடிச் சமையலறை எனக்குத் திறந்துவிட்டது. பெரிய பதவி உயர்வுதான்!

உடம்புக்கு அந்தப் பதவி பிடிக்கவில்லை. பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள் நான். கரும்பலகை முன்னால் நிற்கும்போதே உச்சந்தலையிலிருந்து வேர்த்து ரவிக்கை நனையும். அடுத்த வரி மறந்துபோகும். மேடமுக்கு மறுபடியும் புழுங்குகிறது என்று ஒரு பெண் மராத்தியில் சொல்ல, வகுப்பே சிரித்தது. இப்படியே போனால் பத்தாம் வகுப்பை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு அந்த வகுப்பை விட்டால் வேறு பெருமை கிடையாது.

பக்கத்துப் பேட்டை பாணேரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். பரிசோதனைகள் எல்லாம் முடித்து, ஹார்மோன் மாத்திரை எழுதினார். ஒன்று தினமும். இன்னொன்று, கர்ப்பப்பையைக் காப்பாற்ற, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும். உங்களுக்கு நின்று வருடம்கூட ஆகவில்லை, அதனால் பன்னிரண்டு முடிந்ததும் கொஞ்சம் ரத்தம் வரும், பயப்படாதீர்கள் என்றார். சில வாரங்களில் தூக்கம் வந்தது. மறந்துபோன வரிகள் திரும்பி வந்தன. சொன்னபடி ரத்தமும் வந்தது.

"நின்னது எப்படிடி திரும்ப வரும்?" என்றார் மாமியார். சொன்னேன். "காசு குடுத்துத் தீட்டை வாங்கிண்டு வந்திருக்கே!"

மாமனாரின் திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் மொபைலிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா திவசம் முடியறவரைக்கும் நிறுத்திடேன். ஒரு மாசம்தானே" என்றார். தன் பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டால் பாதி வழியில் காரைத் திருப்பிக்கொண்டு வருகிற மனிதர் அவர்.

நிறுத்தினேன். திவசத்தன்று ஈரப் புடவையோடு மூன்று அடுப்பின் நடுவே நின்று சமைத்தேன். காதோரம் நெருப்பாகக் கொதித்தது. மாமியார் வாசற்படியில் நின்று, "வேர்வை வடைமாவுல விழறது. தள்ளி நில்லு" என்றார். சாப்பிட்டவர்கள் திருப்தியாகப் போனார்கள். அதே வாரம் வகுப்பில் அந்தப் பெண் மறுபடி சிரித்தாள். கையிலிருந்த டஸ்டரை அவள்மேல் வீசினேன். நெற்றி கிழிந்தது. பத்தாம் வகுப்பு என் கையைவிட்டுப் போனது. வீட்டில் சொன்னேன். "நல்லதாப் போச்சு, சீக்கிரம் ஆத்துக்கு வரலாம்" என்றார் மாமியார்.

மறுநாளே மாத்திரையை மறுபடி ஆரம்பித்தேன். அடுத்த திவசத்துக்குள் ஒன்று புரிந்துவிட்டது. இரண்டாவது மாத்திரையை என்றைக்கு ஆரம்பிக்கிறேனோ, அதைப் பொறுத்துத்தான் ரத்தம். பஞ்சாங்கத்தில் திதியைப் பார்த்து, பன்னிரண்டும் முடிந்து ரத்தம் அன்றைக்கு வரும்படி பின்னோக்கி எண்ணி, பதினான்கு நாள் முன்பாக ஆரம்பித்தேன். கணக்கு வாத்தியாருக்கு இதெல்லாம் ஒரு கணக்கா?

திவசத்தன்று காலை படுக்கையறை வாசலில் நின்று, "நான் தூரம்" என்றேன். கணவர் முகம் வெளுத்தது. கடைசி நேரத்தில் சமையலுக்கு ஆள் எங்கே கிடைக்கும்? எழுபத்தொன்பது வயது மாமியார் தானே அடுப்பைப் பற்றவைத்தார். நான் ட்ரை பால்கனியில் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கரண்டி விழுந்தது. பிறகு எண்ணெய் தெறித்து அவர் அலறியதும் கேட்டது. பாவமாக இருந்தது என்று எழுதினால் அது பொய்.

எல்லாம் முடிந்த பிறகு, மணிக்கட்டில் கொப்புளத்தோடு பால்கனிக் கதவருகே வந்து நின்றார்.

"உன் மாத்திரை அட்டையப் பாத்தேன். தேதி போட்டு வெச்சிருக்கே. வேணும்னேதானே பண்ணினே?"

"ஆமாம்மா."

"அவருக்கு என் கையால பண்ற கடைசித் திவசம் இதுவாத்தான் இருக்கும். நான் போனப்பறம் யாருக்காகடி இப்படி எண்ணுவே?"

 கொப்புளத்தை ஊதிக்கொண்டே மாமியார் உள்ளே போய்விட்டார்.

சில மாதங்கள் கழித்து டாக்டரம்மா, இனிமேல் ரத்தமே வராத வகைக்கு மாறிவிடலாம், உங்களுக்கும் தொந்தரவு இருக்காது என்றார். மாமியார் அப்போது உயிரோடுதான் இருந்தார். இதுவே இருக்கட்டும் என்றேன்.