கன்னத்தில் வைத்த பாட்டில்

ஸ்டெல்லா இறந்துவிட்டார் என்று சிவாஜிநகரிலிருந்து அவருடைய தங்கை போன் செய்தபோது, என் ஒரு காதில் போனும் மறு கன்னத்தில் சோதனைக்கு வந்த ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தன. அந்தப் பாட்டில் பழக்கமே ஸ்டெல்லா கொடுத்ததுதான்.

சந்தாபுராவில் உள்ள நம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நானும் அவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அந்தப் புதுக் கருவி வந்திறங்கிய நாள் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். உள்ளே சுருட்டி வைத்த மெல்லிய நீளக் குழாய். அதில் நீரை நிரப்பி ஒரு முனையில் ஒளியைச் செலுத்தினால், நீரோடு வளைந்து வளைந்து மறுமுனைக்கு வரும். வழியில் குறைந்த ஒளியை வைத்து, கண்ணுக்கே தெரியாத நிறத்தையும் அளந்துவிடலாம். நாமெல்லாம் எந்த பட்டனை அழுத்துவது என்று கேட்டோம். ஸ்டெல்லா மட்டும், "வளையற எடத்துல வெளிச்சம் ஏன் வெளிய ஓடிப்போகல?" என்று கேட்டார். கருவியைப் பொருத்த வந்த இன்ஜினியர் சாப்பாட்டை மறந்து விளக்கிக்கொண்டிருந்தார்.

பிறகொரு நாள் ஆனேக்கல் பக்கத்து மாணவியர் விடுதி ஒன்றின் போர்வெல் நீர் வந்தது. சாக்கடை கசிந்திருந்தால், மருந்து சேர்த்ததும் இளஞ்சிவப்பாகும். கருவியில் அளவு எகிறியது. போர்வெல்லை மூடச் சொல்லி அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அந்த விடுதிக்கு வேறு தண்ணீர் கிடையாது.

ஸ்டெல்லா அந்த நீர் வந்த பாட்டிலை எடுத்துக் கன்னத்தில் வைத்தார்.

"ரவி, இன்னும் ஜில்லுனு இருக்கே. ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்து அப்படியே ஊத்திட்டீங்களா?"

"அதனால என்ன?"

"டியூப்ல சூடாகும்போது காத்து பிரியும்ல? பப்புள் வெளிச்சத்த மறிச்சிருக்கும். சொல்ப இருங்க, கொஞ்சம் குளிர் விடட்டும், இன்னொரு வாட்டி பாத்துடலாம்."

எனக்குச் சுருக்கென்றது. "தெர்மாமீட்டர் இல்லையா?" என்று எரிந்து விழுந்தேன்.

"அத தேடுற நேரத்துல கன்னமே சொல்லிடும்," என்று சிரித்தார்.

குளிர் விட்டபின் பார்த்தால் மாசு அறவே இல்லை. நான் பெருமூச்சு விட்டேன். அவருக்கு அது போதவில்லை. அதே நீரை மறுபடி குளிரவைத்து ஊற்றி, பொய் அளவு திரும்ப வருவதைப் பார்த்துக் கைதட்டினார்.

அறிக்கையைக் கிழித்து வேறு எழுதினேன். அவசரப்படாமல் இருமுறை சோதித்தவன் என்று மாதக் கூட்டத்தில் நீங்கள் என்னைப் பாராட்டினீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, "விடுங்க, பொண்ணுங்களுக்குத் தண்ணி வருதில்ல?" என்றார்.

இப்போது சொல்கிறேன்: அந்த அறிக்கை ஸ்டெல்லாவுடையது. அவர் காதில் விழும்படி சொல்லாமல் விட்டதற்கு வெட்கப்படுகிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கன்னப் பழக்கம்தான். அன்று போனை வைத்த பிறகும் பாட்டில் ஜில்லென்றே இருந்தது. அவசரப்படாமல் காத்திருந்தேன்.