அவள் ஒட்டிய இரண்டு செப்புத் துண்டுகள்

ஹெப்பகோடியில் ஒரு சின்ன கம்பெனியில் ஆன்டெனா வடிவமைப்பது என் வேலை. என் மனைவியும் அங்கே இதே வேலையில்தான் இருந்தாள், அங்கேதான் பழகினோம். மகள் பிறந்தபோது ஆறு மாத விடுப்பில் போனவள், இரண்டரை வருடமாக அல்சூர் வீட்டிலேயே இருந்தாள். வேலைக்குத் திரும்பும் பேச்செடுத்தால், "எல்லாம் மறந்துபோச்சு, விடு" என்பாள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு வேலை என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஏரியில் மிதந்தபடி தண்ணீரின் தரத்தை அளந்து கரைக்கு அனுப்பும் பெட்டி அது. உள்ளே, தீப்பெட்டி அகலத்தில் ஒரு செப்புத் தகடு. அதுதான் ஆன்டெனா. மேசைமேல் நன்றாக வேலை செய்யும். மூடி போட்டு நனைத்தால் அதன் அலைவரிசை லேசாக நகரும். பேண்ட்வித், அதாவது அது பிடிக்கும் அலைவரிசையின் அகலம், அவ்வளவு குறுகல் என்பதால் சிக்னல் போய்விடும். எட்டும் தூரமும் போதவில்லை. மூன்று வாரமாகத் தகட்டின் அளவை மாற்றி மாற்றி அலுத்துப்போயிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் தூங்கியதும் சாப்பாட்டு மேசையில் அந்த போர்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தட்டெடுக்க வந்தவள் நின்றாள்.

"ஏன் தகட்டையே நோண்டிக்கிட்டிருக்க? பக்கத்துல ரெண்டு துண்டு வெச்சுப் பாத்தியா?"

"பாரசிட்டிக்கா? பெட்டியில இடம் இல்லியே."

"இருக்கே, இந்த ஓரத்துல."

பீரோவிலிருந்து, பழைய துப்பட்டாவில் சுற்றி வைத்திருந்த ஆன்டெனாவைச் சோதிக்கும் தன் கையடக்க அளவியை எடுத்துவந்தாள். குழந்தைக்கு நகம் வெட்டும் கத்தரியால் செப்பு டேப்பை நறுக்கினாள். இந்தப் பாரசிட்டிக் துண்டுகளுக்கு எந்த இணைப்பும் கிடையாது. நடுத்தகட்டின் அலை பட்டுத் தாமும் அதிரும். ஒன்றைத் தகட்டைவிடத் துளி நீளமாகவும், மற்றதைத் துளி குட்டையாகவும் வெட்டினாள். முதலில் இடைவெளி அதிகமாகி, ஒன்றும் நடக்கவில்லை. உரித்து, நெருக்கி ஒட்டினாள். அளவியின் திரையில் ஒற்றைப் பள்ளமாக இருந்த கோடு மெல்ல அகன்றது; பேண்ட்வித் கூடுகிறது.

அப்போது மகள் எழுந்து அழுதாள். "இரு கண்ணு, அம்மா வேலையா இருக்கேன்" என்றாள் திரும்பாமலே. நான் போய்த் தூக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஆபீசில் அளந்தோம். பேண்ட்வித் இரண்டு மடங்குக்கு மேல், எட்டும் தூரத்தைத் தரும் கெயினும் கூடியிருந்தது. மேலாளர் "சென்னாகிதே, நல்லா இருக்கு!" என்று முதுகில் தட்டி, எப்படித் தோன்றியது என்று கேட்டார்.

"சும்மா ட்ரை பண்ணேன் சார்" என்றேன். யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஆவலாகக் கேட்டாள். நன்றாக வந்திருக்கிறது என்றேன்.

"நான் ஒட்டினதுன்னு சொன்னியா?"

நான் பையைக் கழற்றி மாட்டினேன். அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். "சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். சண்டை போட்டிருந்தால் தேவலை.

மறுநாள் காலை முதல் வேலையாக மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "மூடியோட அளக்கணுமே, அவங்களையே வரச் சொல்லுங்க" என்றார். அதுவே எனக்குச் சுருக்கென்றது.

வியாழக்கிழமை மூன்று பேருமாகப் போனோம். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சோதனை அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். உள்ளே என் மனைவி அளவியின் முன் உட்கார்ந்தாள். முதலில் தவறான பொத்தானை அழுத்தினாள். பிறகு மூடியைப் பொருத்தி, ஒரு மக் தண்ணீரை மேலே ஊற்றி அளந்தாள். பிளேடால் நீளத் துண்டை மயிரிழை செதுக்கி மறுபடி அளந்தாள். இம்முறை சிக்னல் போகாமல் நிலைத்தது.

"மூடி போட்டா அது கொஞ்சம் நீளம். இப்ப சரியா இருக்கு" என்றாள் வெளியே வந்து. வரைபடத்தில் வடிவமைத்தவர் என்ற இடத்தில் என் பெயரை அடித்து அவள் பெயரை எழுதியிருந்தேன். அதைக் காட்டினேன். "முன்னாடியே செஞ்சிருக்கலாம்" என்றாள். ஆனால் மகளை வாங்கும்போது என் கையை ஒரு கணம் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மாதமே வாரம் மூன்று நாள் வேலையில் சேர்ந்தாள். அந்த நாட்களில் நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாக ஏற்பாடு. முதல் நாள் பஸ்ஸிலிருந்து போன் செய்தாள்.

"பாப்பா அழுதாளா?"

"இல்லியே. விளையாடறா."

"நான்தான் அழுதேன்" என்று சிரித்தாள்.