வரிக்கு வரி என் பெயர்

போன வாரம் மனைவியோடு தி. நகருக்குப் புடவை எடுக்கப் போனேன். விற்பனைப் பெண் மொடமொடவென்று ஒரு புதுச் சேலையை உதறி விரித்தாள் பாருங்கள், அந்தக் கஞ்சி வாசனை! மற்றவர்களுக்குக் கல்யாணம் நினைவுக்கு வரும், தீபாவளி நினைவுக்கு வரும். எனக்கு என் முதல் ஆபீஸ் நினைவுக்கு வந்தது. எது நன்றாக இருக்கிறது என்று மனைவி கேட்டதற்கு, எங்கோ பார்த்தபடி "பச்சை" என்றேன். அவள் கையில் இருந்தவை இரண்டும் சிவப்பு.

காரணம் இருக்கிறது. என் முதல் வேலை இப்படி ஒரு புடவைக் கடையின் மாடியில்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அண்ணன்மார் கீழே பட்டு விற்றார்கள். கடைசித் தம்பி மாடியில் துணிக்கடைகளுக்கு மென்பொருள் செய்தார். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர், ஆனாலும் அண்ணாச்சி. படிக்கட்டில் பாதியைத் துணி மூட்டைகள் அடைத்திருக்கும். ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும். அன்று அப்படி ஏற முடிந்தது என்று இன்று என் தொப்பையைப் பார்ப்பவர்கள் நம்புவதில்லை.

மாடியில் மூன்று பேர், மூன்று ரகக் கணினி. அண்ணாச்சிக்கு மேக். எனக்கு விண்டோஸ். தேவிக்குக் கிடைத்தது ஒரு கிழட்டுப் பெட்டி. விண்டோஸ் ஏற்றினால் அதற்கு மூச்சு வாங்கும், அதனால் லினக்ஸ். தேவி சிந்தாதிரிப்பேட்டைப் பெண். கூவம் ஓரத்து வீட்டை இடித்துவிட்டு அவர்களை ஊருக்கு வெளியே குடியேற்றியிருந்தார்கள். இரண்டு பஸ் மாறி வருவாள், மயிலாப்பூரிலிருந்து வரும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பாள்.

நாங்கள் எழுதும் நிரலெல்லாம் ஒரு பொது சர்வரில் போய்ச் சேரும். எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார்கள் என்பதை அது பெயரோடு வைத்திருக்கும். என் விண்டோஸில் அதற்கு அழகான மென்பொருள்: சொடுக்கினால் போதும், கோப்பின் மேல் பச்சை டிக் விழுந்துவிடும். தேவி கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பாள். "நாலு எழுத்து அடிக்க சோம்பேறித்தனம், அதான் படம் பாத்துகினு கீற" என்பாள் என்னை.

ஒரே சமயத்தில் இருவர் நிரலைப் போட்டால் சிக்கல் வரும் என்று அண்ணாச்சி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். மயிலாப்பூர் மாட வீதியில் வாங்கிய சின்னப் பித்தளைப் பூஜை மணி. போடப் போகிறவர் அதைத் தன் மேஜைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்; போட்டு முடித்ததும் அடிக்க வேண்டும். மணிச் சத்தம் கேட்டுக் கீழே கடையில் ஒரு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்கும் தேவிக்கும் ஆறு மாதச் சோதனைக் காலம். முடிவில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று அண்ணாச்சி முதலிலேயே சொல்லியிருந்தார். கெடு நெருங்கிய வாரத்தில், பொறுப்பானவன் என்று காட்டிக்கொள்ள, எல்லாக் கோப்புகளையும் திறந்து ஒழுங்குபடுத்தி, "சின்னத் திருத்தம்" என்று குறிப்பெழுதிப் போட்டேன். பச்சை டிக் வரிசையாக விழுந்தது. மணியைக் கொஞ்சம் பலமாகவே அடித்தேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி தேவியைக் கூப்பிட்டார். அவருடைய மேக்கில் வரிக்கு வரி பக்கத்தில் பெயர் தெரியும். "தேடித் தேடிப் பாக்கேன், ஒரு வரில கூட உன் பேரு இல்லையேம்மா" என்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் நானா எழுதினேன் என்று ஒரு நிமிஷம் என் நெஞ்சு நிமிர்ந்தது. மடையன்.

தேவி அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "கண்ணுக்கு ஒரே மாரி கீது. ஒவ்வொரு வரியும் முடியற எடத்துல பாரு. உன் மிஷின் ஒரு குறி எக்ஸ்ட்ரா வச்சிகீது."

வரி முடிகிற இடத்தில் கணினி கண்ணுக்குத் தெரியாத குறி வைக்கும். லினக்ஸ் ஒன்று வைக்கும், விண்டோஸ் இரண்டு. என் ஒழுங்குபடுத்தலில் எல்லா வரியும் விண்டோஸ் வழிக்கு மாறிவிட்டது. சர்வரும் எல்லா வரியையும் நானே மாற்றியதாக எழுதிக்கொண்டது. அந்தக் குறியைக் கணக்கில் கொள்ளாதே என்று தேவி ஒரு கட்டளை அடித்தாள். திரை நிறைய அவள் பெயர். என் பெயர் அரிசியில் கல் மாதிரி அங்கங்கே.

அதைக் கொண்டுபோய்க் காட்டு என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் சொன்னா வேலைக்காக சொல்றேன்னு நெனப்பாரு. நீ சொன்னாதான் நம்புவாரு."

டீ குடிக்கிற சாக்கில் கீழே இறங்கினேன். வீட்டில் அப்பா, பையனுக்கு வேலை நிரந்தரமாகப் போகிறதென்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இரண்டு டீ குடித்தேன். மூட்டைகளுக்கிடையே ஒருக்களித்து மேலே ஏறி, அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவரும் அந்தக் கட்டளையைத் தன் மேக்கில் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "வாயத் தொறக்காம இருந்திருந்தா வேலை உமக்குல்லா வே?"

"ஆமா அண்ணாச்சி."

தேவிக்கு வேலை நிரந்தரமானது. எனக்கு அந்த மாதத்தோடு முடிந்தது. அடையாறில் வேறு வேலை கிடைக்கும்வரை அப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை. போவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் பழையபடி திருத்திப் போட்டேன். தேவியே மணியை எடுத்து வந்து என் மேஜையில் வைத்தாள். திருத்தினாலும் வரிகளில் என் பெயரே விழும் என்பதால், குறிப்பு எழுதும் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தேன்: "எழுதியது தேவி. கெடுத்தது நான்."

போன வாரம் தி. நகர் புடவைக் கடைப் படியில் நின்றபடி தேவிக்குப் போன் செய்தேன். இப்போது பெரிய இடத்தில் ஒரு குழுவையே நடத்துகிறாள். சேர்ந்த முதல் நாளே பிள்ளைகள் வரி முடிவுக் குறி எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி விழ ஏற்பாடு செய்துவிடுகிறார்களாம், என் பிசகைச் செய்ய இன்று ஆளில்லை. எங்கள் பழைய ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது தையல் பகுதியாம். மணி என்ன ஆனது என்று கேட்டேன்.

"எங்க வீட்டு சாமி படத்தாண்ட கீது. சர்வர்தான் காயலான் கடைக்குப் பூட்ச்சு நைனா."

எத்தனையோ லட்சம் வரி எழுதிவிட்டேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கிருப்பது சர்வரோடு போன அந்தக் குறிப்பு வரி ஒன்றுதான். எதற்கும் ஒரு நகல் வைத்துக்கொள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான், அதற்கு நகல் எடுத்து வைக்கவில்லை.